நகரமே நாடக அரங்கான நாள்

மத்திய காலத்து மக்கள் தம் ஓய்வுப் பொழுதை எவ்வாறு கழித்தனர் என்று மாணவர் சிலர் நம்மை வினவுவதுண்டு. வானொலியும் திரைப்படமும் இல்லாத அக்காலத்து வாழ்வு சுவையற்றதாய் இருந்திருக்கும் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை, இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள யோர்க் நகரின் வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் வரும் நற்கருணைத் திருநாளன்று அந்நகரில் ஒரு பெரும் நாடகம் நிகழ்ந்தது. அதைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு 1376 ஆம் ஆண்டுக்குரியது. உலகப் படைப்பு முதல் பொதுத் தீர்வை வரையுள்ள வேதாகம வரலாறு முழுவதும், ஏறக்குறைய ஐம்பது சிறு நாடகங்களாக, ஒரே நாளில் நடிக்கப்பட்டது. அரங்கு யாது? சில்லுகள் பூட்டிய வண்டிகளே அரங்கு. நம் கோயில் தேர் வீதி வலம் வருவது போல அவ்வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருக்களிற் சென்றன. குறித்த 12 இடங்களில் நின்று, நின்ற இடந்தோறும் தத்தம் நாடகத்தை நடித்துக் காட்டின. மக்கள் ஓரிடத்தில் நின்றாற் போதும். உலக வரலாறே அவர்களை நாடி வந்தது. விடியற்காலை நாலரை மணிக்கே நடிகர் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும் என்பது நகரசபையின் கட்டளை.

இந்நாடகங்களை நடித்தவர் யாவர் என்பதே நாம் சிறப்பாகக் கருதத்தக்கது. பெரும்பாலும் நகரத்துக் கைவினைஞரே நடித்தனர். ஒவ்வொரு தொழிலாளர் சங்கமும் ஒரு நாடகத்தைப் பொறுப்பேற்றது. மரக்கலம் கட்டும் தச்சர் நோவாவின் பேழையைக் கட்டிக் காட்டினர். மீனவரும் மாலுமிகளும் பெருவெள்ளத்தை நடித்தனர். பாண் சுடுவோர் இறுதி இராப்போசனத்தை ஏற்றனர். சிலுவையில் அறையும் காட்சியோ ஆணி செய்யும் தொழிலாளர்க்கு உரியதாயிற்று. அக்காட்சியில் வரும் போர்வீரர், துளை சரியான இடத்தில் இடப்படவில்லை என்றும் சிலுவை பாரமாய் இருக்கின்றதென்றும் வேலைத்தலத்து ஆட்கள் போலவே முணுமுணுக்கின்றனர். நாள்தோறும் தம் கையால் ஆக்கும் ஆணி அன்று எதற்குப் பயன்பட்டது என்பதை, அத்தொழிலாளர் தம் அயலவர் முன்னிலையில் தாமே நடித்துக் காட்டினர்.

விளையாட்டாகச் செய்த காரியம் அன்று இது. 1433 இல் வணிகர் சங்கம் எழுதி வைத்த பொருட்பட்டியலைப் பார்க்கின்றோம். நரகத்தின் வாய், பேய்களுக்குரிய உடைகள், வானுலகில் அங்குமிங்கும் ஓடும் சிவப்பு நிறம் தீட்டிய ஒன்பது சிறு தேவதூதர், அவரை இயக்குதற்கு நீண்ட மெல்லிய கயிறு ஆகியன அதிற் காணப்படுகின்றன. 1476 இல் நகரசபை மற்றுமொரு விதி செய்தது. தேர்ந்த நடிகர் நால்வர் ஏனையோரைச் சோதித்து, திறமையோ குரலோ தோற்றமோ போதாதவரை விலக்க வேண்டும் என்பது அவ்விதி. செலவுக்குச் சங்கத்தினர் ஒவ்வொருவரும் பணம் செலுத்தினர். வறிய சங்கங்களுக்கு இது பெருஞ்சுமையாய் இருந்தமையால் முறைப்பாடுகளும் எழுந்தன. ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்கு அண்மையாக அம்மரபு நிலைத்தது.

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுந்த சமயச் சீர்திருத்தம் இப்பழைய நாடகங்களை ஐயத்தோடு நோக்கியது. 1569 இல் அவை இறுதியாக நடிக்கப்பட்டன. பதினோர் ஆண்டுகள் கழிந்த பின்னும் மக்கள் அவற்றை மறந்தாரல்லர். 1580 இல் நாடகத்தை மீண்டும் நடத்துமாறு நகரபிதாவிடம் விண்ணப்பித்தனர். ஆலோசிப்பதாக அவர் விடை கூறினார். நாடகமோ நடைபெறவில்லை. நாடகங்களை எழுதி வைத்த ஏடு ஒன்று மாத்திரம் எவ்வாறோ அழியாது எஞ்சியது. 1885 இல் அது அச்சேறியது. 1951 இல், யோர்க்கில் இடிந்து கிடக்கும் பழைய மடாலயத்தின் சுவர்களுக்கிடையே அந்நாடகங்கள் மறுபடியும் உயிர்பெற்றன. அண்மைக் காலத்தில் நகரத்துச் சங்கங்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை வண்டிகளிலேயே அவற்றை நடித்து வருகின்றன.

நம் நாட்டிலும் உழவரும் மீனவரும் அண்ணாவியாரிடம் பல மாதம் பழகி, விடிய விடியக் கூத்தாடியமையை மூத்தோர் அறிவர். யோர்க் நகரத்தார்க்கும் அவர்க்கும் தொடர்பு யாதுமில்லை. ஆயினும் இரு சாராரும் தம் பொழுதுபோக்கைத் தாமே ஆக்கிக் கொண்டனர். இன்று நமக்குப் பொழுதுபோக்குச் சாதனங்களுக்குக் குறைவில்லை. எனினும் அவற்றுள் நம் கையால் ஆக்கியது எது என்று மாணவர் நம்மை வினவுவாராயின், விடை கூறச் சற்றுத் தயங்கவே செய்வோம். ஊரிலோ பாடசாலையிலோ அடுத்த முறை ஒரு நாடகம் நிகழும்பொழுது, பார்வையாளராய் அமர்வதற்கு முன், மேடையில் நமக்கும் ஒரு பணி உண்டோ என்று கேட்டுப் பார்ப்போமாக.