காலை விசேஷங்களுக்குச் சிறுதானிய விருந்து: கணக்குப் போட்டு இறங்கினால் லாபம்

காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, நிச்சயதார்த்தம் போன்ற காலை நேர விசேஷங்களில் சாப்பாட்டு நேரம் மாறி வருகிறது. காலை 10 மணிக்கு மேல் பந்தி தொடங்கி 12 மணிக்குள் முடிகிறது. இட்லி, பொங்கல், வடையோடு கூழ், மோர், ஓர் இனிப்பு சேர்ந்தால் காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் ஒன்றாக முடிந்துவிடும். நகரங்களில் இதைப் பிரஞ்ச் என்கிறார்கள். காட்டு வேலைக்குப் போகும் நமக்குப் பத்து மணிக் கஞ்சி புதிது அல்ல.

ஐ.நா. சபை 2023-ம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன் பிறகு இந்தப் பந்திகளில் சாமைப் பொங்கல், வரகு இட்லி, கம்பங்கூழ் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். சாமையை மூட்டையாக விற்பதைவிட இலையில் பரிமாறி விற்றால் வருமானம் கூடும் என்று உங்கள் உழவர் ஆர்வலர் குழுவோ மகளிர் சுய உதவிக் குழுவோ நினைத்தால், அது சரியான எண்ணம்தான். ஆனால் சமையல் தெரிந்தால் மட்டும் இந்தத் தொழில் நிற்காது. அளவு, நேரம், விலை மூன்றும் தெரிய வேண்டும்.

100 பேருக்கு எவ்வளவு?

பட்டியலைச் சுருக்கமாக வையுங்கள். ஆறு வகை போதும்: சாமை இட்லி 2, சாமைப் பொங்கல், உளுந்து வடை 1, சாம்பார், தேங்காய்ச் சட்னி, ஒரு தம்ளர் கம்பங்கூழ். வகை கூடக்கூட ஆள் கூலியும் மிச்சமாகும் உணவும் கூடும்.

இட்லிக்குச் சாமை அரிசி 5 கிலோ, உளுந்து ஒன்றேகால் கிலோ. இதில் 200 இட்லி போக கொஞ்சம் கையிருப்பும் இருக்கும். பொங்கலுக்குச் சாமை அரிசி 3 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ. வடைக்கு உளுந்து 3 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு ஒன்றரைக் கிலோ. கூழுக்குக் கம்பு மாவு 2 கிலோ, தயிர் 5 லிட்டர். இந்த அளவில் ஒருமுறை வீட்டில் சமைத்துப் பார்த்து, உங்கள் ஊர் சாப்பாட்டு வழக்கத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

தானியம் தேர்வில் கவனம்

உமி நீக்கிய சிறுதானிய அரிசியில் தவிட்டோடு எண்ணெய்ச் சத்தும் இருப்பதால், நாள்பட்டால் சிக்கு வாடை வரும். கம்பு மாவு இன்னும் சீக்கிரம் கசக்கும். எனவே தானியத்தை உமியோடு இருப்பு வைத்து, விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பு அரைத்துக்கொள்வது நல்லது. ஒரு கிலோ சாமையை உமி நீக்கினால் ஏறத்தாழ 650 கிராம் அரிசி கிடைக்கும். கல் நீக்கும் இயந்திரம் உள்ள ஆலையில் கொடுங்கள். பந்தியில் ஒருவர் பல்லில் கல் பட்டாலும் அடுத்த அழைப்பு வராது.

வரகு சமைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அறுவடையின்போது மழையில் நனைந்து பூஞ்சாணம் பிடித்த வரகு மயக்கம், வாந்தியை உண்டாக்கும். கிராமங்களில் இதைக் கிறுக்கு வரகு என்பார்கள். நிறம் மாறிய, புழுங்கல் வாடை அடிக்கும் வரகைக் கழுவினாலும் பயன் இல்லை, ஒதுக்கிவிடுங்கள்.

விலை வைப்பது எப்படி?

கீழே உள்ளது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 100 பேருக்குத் தானியம், பருப்பு, கடலை எண்ணெய், நெய், காய்கறி, தேங்காய், தயிர் எல்லாம் சேர்த்து ரூ.4,700. இலை, தம்ளர் ரூ.550. காஸ் ரூ.600. சமையல் மாஸ்டர் ஒருவருக்கு ரூ.1,500, உதவியாளர் நால்வருக்குத் தலா ரூ.600 வீதம் ரூ.2,400, ஆகக் கூலி ரூ.3,900. வண்டி வாடகை ரூ.1,000. பாத்திரத் தேய்மானம், சேதாரம் ரூ.550. மொத்தம் ரூ.11,300. அதாவது ஓர் இலைக்கு ரூ.113. இலைக்கு ரூ.150 வாங்கினால் ரூ.15,000 வரவு, ரூ.3,700 மிச்சம்.

இனி அதே விலைக்கு 50 பேர் ஆர்டரை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பொருள் செலவு ரூ.2,350, இலை, தம்ளர் ரூ.275 என்று பாதியாகும். ஆனால் மாஸ்டர் கூலி குறையாது. வண்டி வாடகை குறையாது. உதவியாளர் ஒருவரை மட்டும் குறைக்கலாம், கூலி ரூ.3,300. காஸ் ரூ.400, தேய்மானம் ரூ.400. மொத்தம் ரூ.7,725. வரவோ ரூ.7,500. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து உழைத்து ரூ.225 கைநஷ்டம். எனவே குறைந்தபட்சம் 75 இலை என்று வரம்பு வையுங்கள், அல்லது சிறிய ஆர்டருக்குத் தனி விலை சொல்லுங்கள்.

பல குழுக்கள் வழுக்குவது இன்னோர் இடத்தில். குழு உறுப்பினர்களே சமைத்தால் கூலியைக் கணக்கில் எழுதுவதில்லை. அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன 100 பேர் ஆர்டரில் ரூ.7,600 லாபம் போலத் தெரியும். அதை நம்பி இலை விலையை ரூ.120-க்கு இறக்கிவிட்டால், ஓர் உறுப்பினர் வராமல் வெளியாள் வைக்கும் நாளில் உண்மை தெரியும். நம் வீட்டுப் பெண்களின் உழைப்புக்கும் கூலி எழுதுங்கள், அன்றே கொடுங்கள்.

நேரத்தைப் பின்னிருந்து எண்ணுங்கள்

10.30 மணிப் பந்தி என்றால் அங்கிருந்து பின்னோக்கி அட்டவணை போடுங்கள். மூன்று நாள் முன்பு ஆள் எண்ணிக்கையை உறுதி செய்து, பாதித் தொகையை முன்பணமாக வாங்கிவிடுங்கள். உறுதி செய்த எண்ணிக்கைக்குக் குறையாமல் பணம் தர வேண்டும் என்பதை எழுத்தில் வையுங்கள். முந்தைய நாள் மதியம் 2 மணிக்கு ஊறவைத்து, மாலையில் அரைத்தால் வெயில் காலத்தில் விடியும் முன்பே மாவு பொங்கிவிடும். பனிக் காலத்தில் கூடுதலாக மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். காலை 6 மணிக்குச் சாம்பார், 8.30-க்கு இட்லி, 9.30-க்கு விசேஷ இடத்திலேயே வடை. சாமைப் பொங்கல் ஆறினால் இறுகும். அதனால் கடைசியாக, தளர்வாக இறக்குங்கள். கொதிநீரும் நெய்யும் கையில் இருக்கட்டும்.

ஒரு வாந்தி போதும், பெயர் போகும்

சமைத்த உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் கிருமிகள் பெருகும். பொங்கல், இட்லி போன்றவற்றில் வேகவைத்தாலும் சாகாத நுண்வித்துக்கள் இருப்பதால், பிறகு சூடுபடுத்துவது பாதுகாப்பு ஆகாது. உணவில் செருகிப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். தேங்காய்ச் சட்னியைப் பந்திக்கு அரை மணி நேரம் முன்பு அரையுங்கள். கூழுக்குத் தயிரைக் கடைசியில் கலக்குங்கள். குடிநீர் எங்கிருந்து என்பதை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். கையில் புண், வயிற்றுப்போக்கு உள்ளவரைச் சமையலில் விடாதீர்கள். வடை பொரித்து மிஞ்சிய எண்ணெய் அடுத்த விசேஷத்துக்கு வேண்டாம்.

உரிமம் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2011-ம் ஆண்டு வந்த உரிமம், பதிவு விதிமுறைகள், விசேஷங்களில் உணவு வழங்கும் சிறு வணிகர்களைப் பற்றிச் சொல்லும்போது கேட்டரிங் செய்பவர்களை அதிலிருந்து விலக்குகின்றன. எனவே சிறு வணிகர் பதிவு போதும் என்று நீங்களே முடிவு செய்யாமல், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கேட்டு உரிய உரிமம் பெறுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் தேவை.

ஒரு ஏக்கர் சாமைக்கு ஓர் ஆண்டு வேலை

இந்தத் தொழிலால் எவ்வளவு தானியம் விற்கும் என்பதையும் தெளிவாகப் பார்ப்போம். 100 பேர் விசேஷத்துக்கு 8 கிலோ சாமை அரிசி, அதாவது சுமார் 12.5 கிலோ சாமை. மாதம் நான்கு விசேஷம் கிடைத்தால் ஆண்டுக்கு 600 கிலோ. நல்ல பராமரிப்பில் மானாவாரிச் சாமை ஒரு ஏக்கரில் தரக்கூடிய விளைச்சல் ஏறத்தாழ இவ்வளவுதான். ஆகவே இதை நம்பிக் குழுவினர் அனைவரும் சாமைப் பரப்பைக் கூட்ட வேண்டாம். வாழை இலை, தேங்காய், தயிர், காய்கறி, கடலை எண்ணெய் ஆகியவற்றையும் உறுப்பினர்களிடமே சந்தை விலைக்கு வாங்குங்கள். அப்போதுதான் பலன் பலருக்கும் போகும். மீதித் தானியத்துக்கு அரிசி, மாவு, இட்லி மாவு விற்பனை என்று வேறு வழியும் வேண்டும்.

சிறுதானிய மதிப்புக்கூட்டல் பயிற்சிக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. விரிவாக்கப் பணியாளர்கள் குழுக்களுக்குச் சமையல் பயிற்சியோடு ஒரு நாள் விலைக் கணக்குப் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

தொடங்கும்போது கடன் வாங்கிப் பாத்திரம் வாங்க வேண்டாம். அண்டா, இட்லிக் கொப்பரை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். முதல் ஐந்து விசேஷங்களை வாடகைப் பாத்திரத்தில் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் வாங்கிய பொருள், கொடுத்த கூலி, இலையில் மிஞ்சிய உணவு, கையில் நின்ற பணம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஐந்தில் நான்கிலாவது, கூலி போக மிச்சம் நின்றால் சொந்தப் பாத்திரம் வாங்கலாம். நிற்காவிட்டால் விலையையோ பட்டியலையோ திருத்திவிட்டு ஆறாவது ஆர்டரை எடுங்கள்.