ஒரே அடுப்படி, பல சமையல்காரர்கள்

போனில் பாட்டு ஓடுகிறது, மேப் வழி காட்டுகிறது, நடுவில் ஊரிலிருந்து அம்மாவின் மெசேஜும் வந்து விழுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிற மாதிரி இருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கான வேலைகள், விரல்விட்டு எண்ணக்கூடிய ப்ராசஸர் கோர்களை மாறி மாறிப் பயன்படுத்துகின்றன.

இப்படி ஓடும் ஒவ்வொரு வேலையையும் த்ரெட் என்போம். கணக்குப் போடும்போது கையில் இருக்கும் எண்களை அது ரெஜிஸ்டர் என்ற சின்னஞ்சிறு இடங்களில் வைத்துக்கொள்ளும். ஒரே அடுப்படியில் பலர் முறைவைத்துச் சமைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். போகிறவர் மேடையில் இருந்ததை எடுத்து வைத்துவிட்டுப் போகணும். திரும்பி வந்ததும் முன்பு இருந்தபடியே பரப்பிக்கணும். த்ரெட்டின் கான்டெக்ஸ்டைச் சேமித்து மீட்பது என்பது இதுதான்.

எவ்வளவு எடுத்து வைக்கணும்? 64 பிட் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் பொது ரெஜிஸ்டர்கள் 16. ஒரு த்ரெட் தானாகவே இடம் விட்டால், லினக்ஸில் ஒரு த்ரெட் லைப்ரரி அவற்றில் 7 ரெஜிஸ்டர்களைக் காப்பாற்றினால் போதும். மற்றவற்றில் தேவையானதை, அழைத்த ஃபங்ஷனே முன்கூட்டிப் பத்திரப்படுத்தியிருக்கும். ஆனால் டைமர் வந்து பாதியில் எழுப்பிவிட்டால் ஒன்றையும் விட முடியாது.

இதைத் தவிர, தசமக் கணக்குக்கும் வீடியோவுக்கும் என்று பெரிய ரெஜிஸ்டர்கள் தனியாக உண்டு. புதிய ப்ராசஸர்கள் சிலவற்றில் இவை மட்டுமே 2,000 பைட்டுக்கு மேல். அதனால் இயங்குதளங்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தன. அடுத்து வருபவருக்கு மிக்ஸி தேவைப்படாமலே போகலாம். ஜாரில் இருப்பது அப்படியே இருக்கட்டும், அவர் கேட்டால் அப்போது காலி செய்யலாம் என்ற கணக்கு. சோம்பேறித்தனமான சேமிப்பு என்றே இதற்குப் பெயர்.

2018 ஜூனில் இதில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. பெயர் லேஸிஎஃப்பி. இன்டெல் கோர் வரிசை ப்ராசஸர்கள், அனுமதி உண்டா என்று முடிவாவதற்குள் அடுத்த கட்டளைகளை ஊகித்து ஓட்டிப் பார்த்துவிடும். பிறகு அதை ரத்து செய்தாலும் கேஷ் நினைவகத்தில் தடயம் தங்கிவிடும். ஜார் மூடியைத் திறக்கவிடவில்லை, ஆனால் வாசனை வந்துவிட்டது! ரகசியக் குறியாக்கச் சாவிகள் பல நேரம் இருப்பதும் இதே ரெஜிஸ்டர்களில்தான்.

தீர்வு எளிது: ஒவ்வொரு முறையும் ஜாரைக் காலி செய்துவிடுவது. லினக்ஸ் 2016-லேயே இதை இயல்பான முறையாக்கியிருந்தது. காரணம் பாதுகாப்பு அல்ல, வேகம். புதிய ப்ராசஸர்களில் குறுக்குவழியால் பெரிய லாபம் இல்லை. மற்றவர்களுக்கு அப்டேட் மூலமே சரியானது. ப்ராசஸரை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஒரே புரோகிராமுக்குள் இருக்கும் த்ரெட்கள் ஒரு குடும்பம். அங்கே மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் பேங்க் ஆப்பும் யாரோ எழுதிய கேமும் அப்படியில்லை. அம்மா அப்பாவின் பழைய லேப்டாப்பில் அப்டேட் நிலுவையில் இருந்தால், அடுத்த வீடியோ காலிலேயே போடச் சொல்லிவிடுங்கள்.