வாரத்தில் ஒரு நாள் மட்டுமே!

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், மூட்டுகளை வீங்கச் செய்து விரல்களைக் கோணலாக்கும் முடக்குவாதத்திற்கும், தோலில் செதில் செதிலாகப் படரும் சொரியாசிஸ் நோய்க்கும் இன்று தரப்படும் மருந்துகள் ஆண்டுக்கணக்கில் உண்ணவேண்டியவை. அவற்றுள் தலையாயது மெத்தோட்ரெக்சேட் என்னும் சிறு மாத்திரை. விலை குறைந்தது, பயன் மிகுந்தது. ஆயினும், உண்ணும் நாளில் பிழை நேர்ந்தால் உயிருக்கே உலை வைக்கவல்லது. முத்தையாபுரத்தில் உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைத்து ஓய்ந்த கைகளில் இம்மாத்திரை இருக்குமாயின், அதைப் பற்றி வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் நாட்டவரின் பங்கு

இம்மருந்தின் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்றார். 1940-இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அங்கே ஆய்வுக் குழுவை வழிநடத்தினார். இரத்தம் ஊறுவதற்கு இன்றியமையாத ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தை அக்குழு செயற்கையாகத் தயாரித்தது. பின்னர், அச்சத்தைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் உருவாக்கியது.

அவற்றுள் ஒன்றைப் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளுள் 10 பேருக்குச் சிறிது காலம் நோய் தணிந்ததென்று 1948-இல் அவர் வெளியிட்ட செய்தி, மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதமே சுப்பாராவ் காலமானார். அதே வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் பின்னர் நிலைபெற்றது. இவ்வகை மருந்துகள் முடக்குவாதத்தையும் சொரியாசிசையும் தணிப்பது 1951-இல் தெரியவந்தது.

ஏன் வாரம் ஒருமுறை?

நம் உடலின் காவற்படையாகிய நோய் எதிர்ப்பு ஆற்றல், பகைவனை விடுத்துச் சொந்த வீட்டையே தாக்குவதுதான் இந்நோய்களின் மூலம். மெத்தோட்ரெக்சேட், சிறு அளவில் வாரம் ஒருமுறை உட்கொள்ளப்படும்போது, அக்காவற்படையின் சினத்தைத் தணிக்கின்றது. அதையே நாள்தோறும் விழுங்கினால் உடல் தேறிக்கொள்ள இடைவெளி கிடைப்பதில்லை. இரத்தம் ஊறும் எலும்பு மச்சையும், வாய், குடல் ஆகியவற்றின் உட்தோலும் முதலில் அழிவுறும். தொற்றும் இரத்தப்போக்கும் தொடர்ந்து உயிரைக் குடிக்கும். இப்பிழையால் பல நாடுகளில் மரணங்கள் நேர்ந்தமையால், ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் கடுமையான எச்சரிக்கை விதிகளை வகுத்தது.

பிழை எவ்வாறு நேர்கின்றது? நம் வீடுகளில் சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடக்கும். அவை தினமும் உண்பவை. அதே பழக்கத்தில் இதுவும் தினமும் உள்ளே போய்விடும். சீட்டில் காலைக்கு நேரே இடப்பட்ட ஒன்று என்னும் எண்ணைக் கண்டு, தினமும் காலையில் என்று பொருள் கொள்வோரும் உளர். இன்னொரு பொறியும் உண்டு. பக்க விளைவைக் குறைக்கும் பொருட்டு மருத்துவர் ஃபோலிக் அமில மாத்திரையையும் உடன் எழுதுவார். இரண்டுமே சிறிய மஞ்சள் மாத்திரைகளாக இருப்பதுண்டு. இதற்கு அது, அதற்கு இது என்று மாறிவிட்டால் விளைவு விபரீதமே.

கைக்கொள்ளவேண்டிய நெறிகள்

வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்து, மருத்துவரைக் கொண்டு அந்நாளின் பெயரை முழுமையாகச் சீட்டிலும் மாத்திரை உறையிலும் எழுதச் செய்யுங்கள். ஞாயிறு பலருக்கும் மறக்காத நாள். மாத்திரை 2.5 மி.கி. முதல் பல அளவுகளில் விற்கப்படுவதால், மருந்துக் கடையில் புதிய அட்டை வாங்கும்போதெல்லாம் எத்தனை மி.கி. என்று பாருங்கள். மற்ற மருந்துகளோடு சேர்க்காது, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் தனியே வையுங்கள். நாள் தவறிவிட்டால் இரண்டு நாட்களுக்குள் உண்ணலாம். அதற்கும் மேலானால் அவ்வாரத்தை விட்டுவிடுங்கள். ஒருபோதும் இருமடங்காக உண்ணலாகாது.

பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் செல்லும். வலி உடனே குறையவில்லை என்று கூட்டி உண்பது பேராபத்து. தொடங்குமுன் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையைச் சோதிப்பர். மஞ்சட்காமாலைக் கிருமியும் காசநோயும் மறைந்துள்ளனவா என்றும் பார்ப்பர். பின்னரும் குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனை தொடரும். உடம்பு நன்றாயிருக்கிறதே என்று இதனைத் தள்ளிப்போடுதல் கூடாது. இரத்த அணுக்கள் குறைவதை நாம் உணருமுன் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்.

இம்மருந்து பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றது. உப்பளத்தில் வெயிலில் வேலை செய்வோர் வியர்த்து நீர் வற்றினால், மருந்து உடலிலேயே தேங்கி நஞ்சாகும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டாலும் அவ்வாறே. ஆகவே நீர் போதிய அளவு பருகவேண்டும். வயிற்றுப்போக்கோ கடுங்காய்ச்சலோ இருக்கும் வாரத்தில் மருத்துவரைக் கேளாது மாத்திரை உண்ணலாகாது. மது கல்லீரலைக் கெடுக்கும்; அதனை அறவே விலக்குதல் நலம். சிறுநீர்த் தொற்றுக்கும் சளிக்கும் தரப்படும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை, இம்மருந்துடன் சேர்ந்தால் உயிருக்கே ஊறு விளையும். கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகளும் நாட்டு மருந்துகளும் மருத்துவர் அறியாமல் வேண்டா.

கருவுற்ற தாய்மார் முடக்குவாதத்திற்கோ சொரியாசிசுக்கோ இம்மருந்தை உண்ணவே கூடாது. கருவிலுள்ள சிசு சிதையவும் ஊனமுறவும் நேரும். பாலூட்டுவோருக்கும் இது ஆகாது. குழந்தை வேண்டுவோர், கணவரானாலும் மனைவியானாலும், பல மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கூறுதல் கடமை. தடுப்பூசி போடுமுன்னும் இம்மருந்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

புற்றுநோய்க்கென இம்மருந்தைப் பெறுவோரின் அளவும் முறையும் வேறு. ஒருவருடைய சீட்டைப் பார்த்து மற்றவர் உண்ணலாகாது.

எப்போது விரையவேண்டும்?

வாய்ப்புண், காய்ச்சல், தொண்டைவலி, காரணமின்றித் தோன்றும் நீலத் தழும்பு, ஈறில் இரத்தம், வறட்டு இருமலுடன் மூச்சிரைப்பு, கண் மஞ்சளித்தல் — இவற்றுள் ஒன்று கண்டாலும் மறுவேளை மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவரைக் காணுங்கள். தவறுதலாக அடுத்தடுத்த நாட்களில் உண்டுவிட்டால், நோய்க்குறி எதுவும் இல்லையென்றாலும் காத்திராது, மாத்திரை அட்டையோடு மருத்துவமனைக்கு விரையுங்கள். ஃபோலினிக் அமிலம் என்னும் மாற்று மருந்து உண்டு. அது காலம் தாழ்த்தாது கொடுக்கப்பட்டால்தான் முழுப் பயன் தரும்.

அச்சத்தினால் இம்மருந்தைத் தூக்கியெறிதலும் அறிவுடைமை அன்று. முறையோடு உண்பவர்களுள் பலர், மடங்கிய விரல்களை மீண்டும் நிமிர்த்தித் தம் வேலைகளைத் தாமே செய்துவருகின்றனர். கண் மங்கிய முதியவரின் கையில் அட்டையைக் கொடுத்து, உண்டுகொள்ளுங்கள் என்று நாம் அகன்றுவிடலாகாது. மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ, யாரேனும் ஒருவர் குறித்த கிழமையில் எடுத்துக்கொடுத்து, நாட்காட்டியில் ஒரு கோடு இடுங்கள். அந்த ஒரு கோடு ஓர் உயிருக்குக் காவலாகும்.