கணக்கேடும் கருத்துப்படமும்

வருங்காலத்தில் எழப்போகும் மாநகரங்களைக் கற்பனை செய்யும் கதையாசிரியர் பலர் ஒரே வகையான காட்சியைத் தீட்டிக் காட்டுவது உண்டு. வானளாவும் மாடங்கள் நிறைந்த நகரம். அதனை ஆள்வோர் கள்வர். நீதிபதியும் காவலரும் அவர்தம் ஏவலர். தேர்தல் வெறும் கூத்து. அவ்விருளில், எவருக்கும் அடங்காத பத்திரிகையாளன் ஒருவன் மட்டும் எழுதுகோலுடன் நிற்பான். இவையெல்லாம் கற்பனை என்று நாம் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். ஆயினும், இத்தகைய நகரம் ஒன்றைக் காண்பதற்கு எதிர்காலத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. 1871ஆம் ஆண்டின் நியூயார்க் நகரை நோக்கினாலே போதும்.

அந்நாளில் அந்நகரின் மக்கள் தொகை ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலில் வந்திறங்கிய ஏழை மக்கள் அவர்களுள் மிகப் பலர். அவர்களுக்கு அரசாங்கத்தின் உதவி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியது டாமனி மண்டபம் என்னும் அரசியல் கழகம். அது ஏழைக்கு வேலை தேடித் தந்தது. குளிர்காலத்தில் அடுப்புக்கு நிலக்கரி கொடுத்தது. வந்தேறிகளுக்குக் குடியுரிமைப் பத்திரம் விரைவில் கிடைக்கச் செய்தது. இவற்றுக்குக் கைம்மாறாக அது கேட்டது வாக்கு ஒன்றே. பசித்தவனுக்கு அது பெரிய விலையாகத் தோன்றாததில் வியப்பில்லை.

அக்கழகத்தின் தலைவர் வில்லியம் ட்வீட் என்பவர். 1823ஆம் ஆண்டில் நாற்காலி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இளமையில் தீயணைக்கும் தொண்டர் படையொன்றில் சேர்ந்து அதன் தலைவரானார். அப்படையினர் தம் வண்டியின்மீது புலித்தலை ஒன்றை வரைந்திருந்தனர். இப்புலி பின்னர் நம் வரலாற்றில் மீண்டும் வரும். அங்கிருந்து நகர மன்ற உறுப்பினராகி, மேலும் பல பதவிகளைப் பெற்று, 1870ஆம் ஆண்டில் நகரின் பொதுப்பணித் தலைவராகவும் உயர்ந்தார். மேயர் ஓக்கி ஹால், கணக்குத் தலைவர் ரிச்சர்டு கனாலி, பீட்டர் ஸ்வீனி என்னும் மூவர் அவருக்கு உற்ற துணைவர். இந்நால்வரையும் அவரைச் சூழ்ந்தோரையும் 'ட்வீட் வளையம்' என்று பெயரிட்டு அழைத்தனர்.

இவர்கள் திருடிய முறையை அறிந்து கொள்ளுதல் நலம். கருவூலத்தின் பூட்டை இவர்கள் உடைக்கவில்லை. நகருக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரரை அழைத்து, நூறு டாலர் வேலைக்கு ஆயிரம் டாலர் எனப் பட்டியல் எழுதித் தரச் சொல்வர். பட்டியலைச் சரிபார்க்கும் குழுவில் அமர்ந்திருந்தவர்கள் மேயரும் கணக்குத் தலைவரும் ட்வீட்டுமே. ஒப்பந்தக்காரருக்குப் பணம் வழங்கப்படும். அவர் தம் பங்கை எடுத்துக்கொண்டு, பெரும்பகுதியை வளையத்தாரிடம் திருப்பித் தந்துவிடுவார். ஏடுகளைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். செலவழிப்பவனும் அவனே, தணிக்கை செய்பவனும் அவனே என்றால், ஏட்டில் பிழை எங்ஙனம் தோன்றும்?

இதற்குக் கல்லால் கட்டிய சான்றாக ஒரு கட்டடம் நின்றது. 1861ஆம் ஆண்டில் வழக்குமன்றக் கட்டடம் ஒன்றைக் கட்டத் தொடங்கினர். அதற்கென முதலில் ஒதுக்கிய தொகை இரண்டரை இலட்சம் டாலர். பத்து ஆண்டுகள் சென்றன, செலவு ஒரு கோடி டாலரைத் தாண்டியது, கட்டடமோ முடியவில்லை. 1867ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அலாஸ்கா என்னும் மாபெரும் நிலப்பரப்பை இரஷ்யாவிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. அதற்குக் கொடுத்த விலை 72 இலட்சம் டாலரே! ஒரு நாட்டளவு நிலத்தினும் ஒரு வழக்குமன்றம் விலையுயர்ந்ததாயிற்று.

இந்நிலையில் நகரின் செய்தித்தாள்கள் யாது செய்தன? பெரும்பாலானவை வாய் திறக்கவில்லை. நகராட்சியின் விளம்பரங்கள் அவற்றுக்கு நிறையக் கிடைத்து வந்தன. நன்றாகப் பணம் தரும் விளம்பரம் சில வேளைகளில் தணிக்கையைக் காட்டிலும் வலிய பூட்டாக அமைந்துவிடுகிறது. செல்வர்களின் செயல் இதனினும் வருந்தத்தக்கது. 1870ஆம் ஆண்டுத் தேர்தலுக்குச் சற்று முன்னர், ஜான் ஜேக்கப் ஆஸ்டர் முதலிய பெருஞ்செல்வர் அறுவர் நகரின் கணக்குகளைப் பார்வையிட்டு, அவை செம்மையாக வைக்கப்பட்டுள்ளன என்று கையொப்பமிட்டு அறிக்கை தந்தனர். படிப்பறியா ஏழை ஏமாந்ததை நாம் பொறுக்கலாம். இவர்களை எங்ஙனம் பொறுப்பது?

இவ்வூமை நகரில் குரல் எழுப்பியவை இரண்டே இதழ்கள் எனலாம். ஒன்று 'நியூயார்க் டைம்ஸ்' என்னும் நாளிதழ். அதன் வெளியீட்டாளர் ஜார்ஜ் ஜோன்ஸ். ஆசிரியர் லூயி ஜென்னிங்ஸ் என்னும் ஆங்கிலேயர். மற்றொன்று 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' என்னும் வார இதழ். அதில் கேலிச் சித்திரம் வரைந்து வந்தவர் தாமஸ் நாஸ்ட். ஜெர்மனியில் லண்டாவ் என்னும் ஊரில் 1840ஆம் ஆண்டில் பிறந்து, ஆறு வயதில் நியூயார்க்குக்கு வந்தவர் அவர். உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே அவருடைய படங்கள் நாடெங்கும் புகழ் பெற்றிருந்தன.

டைம்ஸ் இதழ் 1870ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வளையத்தாரைத் தாக்கத் தொடங்கிற்று. நாள்தோறும் தலையங்கங்களில் கனல் பறந்தது. ஆயினும் பல மாதங்கள் வரை பயன் சிறிதும் விளையவில்லை. காரணம் வெளிப்படை. ஜென்னிங்ஸிடம் சினம் இருந்தது, சான்று இல்லை. 'திருடன், திருடன்' என்று கூவுவோரைக் கண்டு நகைப்பது திருடனுக்கு எளிது.

சான்று வந்தது 1871ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். கணக்கு அலுவலகத்தில் பணிபுரிந்த ஒருவர் மறைவாகப் படியெடுத்த ஏட்டுப் பகுதிகளை, ஜேம்ஸ் ஓப்ரையன் என்பவர் டைம்ஸ் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்தார். இவரும் டாமனிக் கழகத்தைச் சேர்ந்தவரே. நகரின் பழைய ஷெரீப். நகரின்மேல் தமக்கிருந்த பெருந்தொகைக் கோரிக்கை ஏற்கப்படாததால் மனம் கசந்தவர். அறத்தின்மீது கொண்ட பற்றால் இவர் இதனைச் செய்தார் என்று சொல்ல இயலாது. ஆனால் ஏட்டிலிருந்த எண்கள் உண்மையானவை. ஜோன்ஸ் எண்களையே பார்த்தார்.

இச்செய்தி கசிந்தது. கணக்குத் தலைவர் கனாலி ஜோன்ஸை வழக்கறிஞர் ஒருவரின் அறையில் சந்தித்து, கணக்குகளை வெளியிடாதிருக்க 50 இலட்சம் டாலர் தருவதாகக் கூறினார் என்பது வரலாறு. பிசாசுகூடத் தம்மை இதற்குமேல் விலை கேட்காது என்று சொல்லி ஜோன்ஸ் எழுந்து சென்றாராம். முன்னரே, டைம்ஸ் கட்டடம் நின்ற மனையின் உரிமை செல்லாது என்ற அச்சுறுத்தலும் எழுந்திருந்தது. நாஸ்டிடமும் ஆள் அனுப்பினர். ஐரோப்பாவுக்குச் சென்று ஓவியக்கலை பயில்வதற்கென ஓர் இலட்சம் டாலர் தருவதாகத் தொடங்கிய பேரம் ஐந்து இலட்சம் வரை ஏறிற்று என்றும், அதுவரை விளையாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்த அவர் பின்னர் மறுத்துவிட்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர் கூறுகிறார்.

மாணவர்களே, இவ்விடத்தில் உங்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹார்ப்பர் நிறுவனத்தார் வார இதழோடு பள்ளிப் பாடநூல்களையும் அச்சிட்டு விற்று வந்தனர். நாஸ்டைப் பணிய வைக்க இயலாமற் போகவே, வளையத்தார் நகரக் கல்விக் குழுவைக் கொண்டு அந்நிறுவனத்தின் பாடநூல்களை விலக்கச் செய்தனர். கையிருப்பில் இருந்த நல்ல நூல்களும் அழிக்கப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக ட்வீட்டின் பங்குடைய அச்சகத்தின் நூல்கள் வாங்கப்பட்டன. நீங்கள் கையில் வைத்திருப்பது போன்ற நூல்கள் ஒரு கேலிச் சித்திரத்துக்காகத் தண்டனை பெற்றன! ஹார்ப்பர் குடும்பத்தாருள் சிலர் தயங்கினர் என்றும், பிளெட்சர் ஹார்ப்பர் மட்டும் சிறிதும் தளராது நாஸ்டுக்கு அரணாக நின்றார் என்றும் கூறுவர்.

ஜூலை 22ஆம் நாள் முதல் டைம்ஸ் கணக்குகளை வெளியிடலாயிற்று. இம்முறை வசைச்சொற்கள் மிகுதியாக இல்லை. நாள், பெயர், வேலை, தொகை என வரிசை வரிசையாக எண்களே முதற்பக்கத்தை நிறைத்தன. சுவர் பூசும் கொத்தனார் ஒருவருக்கு இரண்டு நாள் வேலைக்கு 1,33,187 டாலர். மர வேலைப்பாடு மிகக் குறைவாக உள்ள கட்டடத்தில் தச்சர் ஒருவருக்கு ஒரு மாத வேலைக்கு 3,60,751 டாலர். மூன்று மேசைகளுக்கும் நாற்பது நாற்காலிகளுக்கும் 1,79,729 டாலர். இவற்றைப் படித்தவனுக்கு விளக்கவுரை எதற்கு? கூலி வாங்கும் தொழிலாளி ஒவ்வொருவனும் தன் ஒருநாள் கூலியை அவ்வெண்ணின் அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டான். ஜூலை 29ஆம் நாள் இக்கணக்குகளைத் திரட்டி, ஆங்கிலத்தோடு ஜெர்மன் மொழியிலும் தனிப் பதிப்பாக வெளியிட்டனர். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயின.

ஆனால் எம்மொழியிலும் படிக்கத் தெரியாதோர் அந்நகரில் எத்தனையோ ஆயிரவர். அவர்களிடம் சென்றது நாஸ்டின் படம். ட்வீட் தாமே இதனை உணர்ந்திருந்தார். செய்தித்தாள் எழுதுவதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை, தமக்கு வாக்களிப்போர் படிக்கத் தெரியாதவர்கள், ஆனால் அந்தப் படங்களை அவர்கள் பார்த்து விடுகிறார்களே என்று அவர் அங்கலாய்த்ததாகச் சொல்வர். பெருத்த உடல், சட்டை மார்பில் மின்னும் வைரம் என நாஸ்ட் தீட்டிய ட்வீட்டைத் தெருச் சிறுவனும் அடையாளம் கண்டான். ஆகஸ்டு மாதத்தில் வந்த படம் ஒன்றில், வளையத்தார் அனைவரும் வட்டமாக நிற்கின்றனர். மக்கள் பணத்தைத் திருடியவர் யார் என்பது வினா. ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டிக்காட்டுகின்றனர். சுட்டும் விரல் ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் முதல்வரிடமே வந்து சேர்கிறது. நவம்பர்த் தேர்தலுக்குச் சற்று முன்னர் வந்த படத்திலோ, பழைய தீயணைப்பு வண்டியின் புலி உயிர்பெற்று, குடியரசு என்னும் மங்கையை அரங்கின் நடுவே கிழிக்கிறது. ட்வீட் உரோமப் பேரரசரைப் போல் மேலே அமர்ந்து வேடிக்கை பார்க்கிறார்.

நாஸ்டிடம் குறையே இல்லை என்று எண்ணிவிட வேண்டா. அயர்லாந்து மக்களையும் கத்தோலிக்க சமயத்தாரையும் அவர் வெறுப்போடு, குரங்கு முகத்தினராக வரைந்தார். ஊழலை எதிர்த்த கை ஏழை வந்தேறிகளை இழிவுபடுத்தவும் செய்தது. அது தவறு என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

செப்டம்பர் 4ஆம் நாள் கூப்பர் மன்றத்தில் குடிமக்கள் பெருந்திரளாகக் கூடி எழுபதின்மர் குழுவை அமைத்தனர். சில நாட்களில் கணக்கு அலுவலகத்திலிருந்து பற்றுச்சீட்டுகள் மறைந்தன. அதனாலும் பயன் இல்லை. சாமுவேல் டில்டன் என்னும் வழக்கறிஞர், வங்கி ஏடுகளை ஒப்பிட்டு, ஒப்பந்தக்காரர் பெற்ற பணம் ட்வீட்டின் கணக்கில் சென்று சேர்ந்த வழியைப் படிப்படியாகக் காட்டிவிட்டார். நவம்பர் 7ஆம் நாள் நடந்த தேர்தலில் டாமனி வேட்பாளருள் பெரும்பாலோர் தோற்றனர். ட்வீட் மட்டும் தம் தொகுதியில் மீண்டும் வென்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலக்கரி பெற்ற வீடுகள் அவரை மறக்கவில்லை போலும்.

1873ஆம் ஆண்டு நவம்பரில் அவர்மீதிருந்த குற்றச்சாட்டுகளுள் 204 மெய்ப்பிக்கப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் ஓராண்டாகக் குறைந்தது. வெளிவந்தவரை நகரப் பணத்தை மீட்கும் வழக்கில் மீண்டும் சிறைப்படுத்தினர். காவலருடன் தம் இல்லத்துக்குச் சென்றுவரும் சலுகை அவருக்கு இருந்தது. 1875ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் அப்படிச் சென்றவர் திரும்பவில்லை. கியூபா வழியாக ஸ்பெயின் நாட்டை அடைந்தார். அங்கே வீகோ துறைமுகத்தில் அதிகாரிகள் அவரைப் பிடித்தனர். அடையாளம் காண அவர்களுக்கு உதவியது எது தெரியுமா? நாஸ்ட் வரைந்த படமே! அதில் ட்வீட் சிறுவர் இருவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆங்கிலம் அறியாத ஸ்பானியர், அவரைப் பிள்ளை பிடிப்பவர் என்றே கருதினராம். 1878ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அவர் நியூயார்க் சிறையிலேயே இறந்தார். அவருடைய துணைவருள் மேயர் ஹால் விடுதலை பெற்றார்; கனாலி வெளிநாடு சென்று மறைந்தார். களவாடிய பணத்தில் மிகச் சிறுபகுதியே நகருக்குத் திரும்பிற்று.

நாஸ்டும் செல்வராக வாழ்நாளை முடிக்கவில்லை. தம் சேமிப்பை வணிக நிறுவனமொன்றின் வீழ்ச்சியில் இழந்து, ஈக்வடார் நாட்டில் அமெரிக்கத் தூதரகப் பணியொன்றை ஏற்றுச் சென்றவர், 1902ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே மஞ்சள் காய்ச்சலால் இறந்தார்.

அந்த வழக்குமன்றக் கட்டடம் 1881ஆம் ஆண்டில் ஒருவாறு முடிவுற்றது. இன்றும் அது நியூயார்க்கில் நிற்கிறது. மக்கள் அதனை ட்வீட் வழக்குமன்றம் என்றே அழைக்கின்றனர். அங்கு இப்போது வழக்குகள் நடைபெறுவதில்லை. நகரப் பள்ளிகளை நடத்தும் கல்வித் துறையின் தலைமை அலுவலகம் அதில் இருக்கிறது.