படத்தில் வேண்டியதைப் பிரித்தல்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிலத்தின் மேலேயே கிடப்பதன்று. அதனை மூடியிருந்த மண்ணையும் மணற்பாறையையும் மாபெரும் எந்திரங்கள் அகழ்ந்து நீக்கிய பின்னரே, 1961ஆம் ஆண்டில் அது முதன்முதலாக வெளிப்பட்டது. வேண்டியதை வேறு பிரித்தறியும் இம்முறை, ஒளிப்படத்தைத் திருத்தும் கலைக்கும் பொருந்தும்.

நண்பகலில் அச்சுரங்கத்தை ஒருவர் படம் எடுத்தார் எனக் கொள்வோம். வானம் தெளிவாகவும், நிலக்கரிப் படுகை இருண்டும் விழுந்துள்ளன. படம் முழுவதையும் ஒளிரச் செய்தால் வானம் வெளிறிவிடும். ஆகவே, சுரங்கத்தை மட்டும் பிரித்தல் வேண்டும். கிம்ப், போட்டோஷாப் போன்ற கணினிச் செயலிகளில் இதற்கெனக் கருவிகள் உண்டு. செவ்வகக் கருவி நாற்கோணமாக எல்லை வகுக்கும். லாசோ என்பது கை செல்லும் வழியே எல்லை வரையும். மந்திரக்கோலோ, தொட்ட புள்ளியின் நிறத்தை ஒத்த அண்டைப் புள்ளிகளையெல்லாம் சேர்த்துக்கொள்ளும்.

இங்கே வானத்தை மந்திரக்கோலால் தொடுவதே எளிது; அது ஏறத்தாழ ஒரே நிறமுடையதன்றோ? எந்திரத்தின் இரும்புச் சட்டங்களுக்கு இடையே தெரியும் வானத் துண்டுகள் விடுபட்டிருக்கும். ஷிப்ட் விசையை அழுத்தியவாறு அவற்றையும் தொட்டுச் சேர்க்கலாம். பின்னர், தெரிந்தெடுத்ததை விடுத்து, விட்டதைத் தெரிந்தெடுக்குமாறு மாற்றினால் சுரங்கம் தனியே பிரியும். ஓரத்தைச் சற்று மென்மையாக்கிய பின் ஒளியைக் கூட்டினால், திருத்திய வடு தோன்றாது.

இதே கருவியால், அங்கு நின்ற தொழிலாளியையும் படத்திலிருந்து பிரித்து நீக்கிவிடலாம். இருளில் மறைந்ததைக் காட்டுவது திருத்தம். உண்மையில் இருந்ததை மறைப்பது பொய். இவ்வேறுபாட்டைக் கருவி அறியாது. அதனைக் கையாள்வோரே அறிந்து நடத்தல் வேண்டும்.