துருவுக்குத் தேயிலை டிகாஷன்

ஜெகதளாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ஐப்பசி மழையில் தையல் மெஷினின் பாபின் கேஸும் திருகாணிகளும் துருவேறிவிட்டன, பாத்ரூம் ஆசிடில் போட்டு எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்ப் பக்கம் துணியே காயாது, இரும்பு எப்படித் தப்பும்? ஆனால் அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைத் தின்ற கையோடு அடியிலுள்ள நல்ல இரும்பையும் தின்னும். அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்தால், பாபின் கேஸின் பக்கவாட்டில் நூலை அழுத்திப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங் அப்பளமாக ஒடியும். பாட்டிலைச் சரியாக மூடாவிட்டால் அலமாரியிலிருக்கும் மற்ற சாமான்களும் அந்த ஆவியிலேயே துருவேறும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு. இதைப் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி விற்கிறார்கள்!

வினிகர் போதும். ஸ்பிரிங்கை மட்டும் கழற்றி எண்ணெய்த் துணியால் துடையுங்கள். மற்றவற்றை இரவு ஊறவிட்டு, காலையில் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து மெஷின் எண்ணெய் போடுங்கள். ஈரத்தோடு விட்டால் கண்முன்னே மறுபடி சிவக்கும்.

ஆனால் எனக்குப் பிடித்த வைத்தியம் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. கவாத்து முடிந்ததும் கத்தி அலகில் கருநீலக் கறை படிந்திருக்குமே, அது தேயிலையின் டேனினும் இரும்பும் கூடிப் பிறந்தது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே கணக்குதான். கடையில் ‘ரஸ்ட் கன்வர்ட்டர்’ என்று விற்கும் திரவங்கள் சிலவற்றிலும் டேனிக் அமிலமே வேலை செய்கிறது. துருவை அது கரைப்பதில்லை. உதிரும் செந்துருவைக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் படலமாக மாற்றிவிடுகிறது. பால், சர்க்கரை சேராத கடும் டிகாஷனில், தளர்ந்த துருவைத் தேய்த்து எடுத்த திருகாணிகளைப் போட்டுப் பாருங்கள், மெல்லக் கறுக்கும். கடைத் திரவத்தின் வலு இதற்குக் கிடையாது, அதனால் மேலே எண்ணெய் கட்டாயம்.

நாலு திருகாணி துருவேறியதற்காக மெஷினையே காயலான் கடைக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு. பிளாஸ்டிக் பல்சக்கரம் வைத்த புதுசை வாங்கிவந்து அடுத்த வருஷம் அதற்கு ஆள் தேடுவார்கள். பழைய வார்ப்பிரும்பு மெஷின் கேட்பதெல்லாம் அவ்வப்போது நாலு சொட்டு எண்ணெய்.

பித்தளைச் சாமான் இருந்தால் அதே வினிகர்க் கிண்ணத்தில் போடாதீர்கள். அதிலிருந்து கரையும் செம்பு எஃகின்மேல் படிந்து, திருகாணிகள் செம்பு நிறத்தில் வெளியே வரும்.