பிட் கூடினால் துல்லியம் கூடுமா?

எண்ணைக் காட்டும் எடைமேடைக்குள்ளும் வெப்பமானிக்குள்ளும் ஏடிசி என்றொரு சுற்று இருக்கிறது. உணரி தரும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது அதன் வேலை. அது 10 பிட்டா, 16 பிட்டா, 24 பிட்டா என்பதை வைத்தே பலர் கருவியின் தரத்தை எடைபோடுகிறார்கள். ஆனால் ஏடிசிக்கு வோல்ட் என்றால் என்னவென்று தெரியாது. வந்த மின்னழுத்தம், தன்னிடம் உள்ள ஒப்பு மின்னழுத்தத்தில் எத்தனை பங்கு என்று மட்டுமே அது சொல்லும். பிட் என்பது அளவுகோலில் உள்ள கோடுகளின் எண்ணிக்கை. கோலின் நீளத்தைத் தீர்மானிப்பது ஒப்பு மின்னழுத்தம். நீளம் தவறினால் கோடுகளை எவ்வளவு நெருக்கியும் பயனில்லை.

மாணவர்கள் கையாளும் ஆர்டுயினோ ஊனோ பலகையை எடுத்துக்கொள்வோம். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் அதன் 10 பிட் ஏடிசி, பலகைக்கு வரும் 5 வோல்ட்டையே ஒப்பாகக் கொள்ளும். எல்எம்35 வெப்ப உணரி ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். 30 டிகிரியில் 300 மில்லிவோல்ட். யுஎஸ்பி வழியே வருவது 4.75 வோல்ட்டாகக் குறைந்திருந்தால், 5 வோல்ட் என நம்பிக் கணக்கிடும் நிரல் 31 டிகிரிக்கு மேல் காட்டும். உணரியிலும் பிழையில்லை, நிரலிலும் பிழையில்லை. அதே பலகையின் சில்லுக்குள் 1.1 வோல்ட் ஒப்பு ஒன்றும் உண்டு. சில்லுக்குச் சில்லு அது 1.0 முதல் 1.2 வோல்ட் வரை மாறலாம் என்று தயாரிப்பாளரின் தரவேடே சொல்கிறது.

அளந்து பார்த்துத் திருத்திவிட்டால் போதாதா என்று கேட்கலாம். மாறாத பிழைக்குப் போதும்: அந்த 1.1 வோல்ட் உண்மையில் 1.07 என்று தெரிந்துவிட்டால், நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் இப்படித் திருத்தும் காலிபரேஷன் சரிசெய்வது அன்றைய பிழையை. நாளைய நகர்வை அல்ல. டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 10 பங்கு நகரும் ஒப்பு, நல்ல தரம் என்றே விற்கப்படுகிறது. காலையில் திருத்திய கருவி 20 டிகிரி சூடேறினால் அந்த நகர்வு 200 பங்கு ஆகும். 16 பிட் ஏடிசியின் உச்ச அளவில் அது 13 படிகள். கடைசி மூன்று பிட்களுக்கும் பொருளில்லை. பலமுறை அளந்து சராசரி எடுப்பதும் இதற்கு மருந்தாகாது. சராசரி இரைச்சலைத்தான் அடக்கும். எல்லா அளவுகளையும் ஒரே பக்கம் இழுக்கும் பிழையைத் தொடாது. ஆய்வகக் கருவிகளில் இடம்பெறும் எல்டிஇசட்1000 என்ற ஒப்பு, தன்னுள்ளேயே சூடேற்றியை வைத்துக்கொண்டு ஒரே வெப்பநிலையில் இயங்குவது இந்த நகர்வை அடக்கத்தான்.

விலையுயர்ந்த ஒப்பு இல்லாமலே எடைமேடைகள் சரியாக நிறுக்கின்றனவே என்ற மறுப்பு நியாயமானது. அங்கே எடையை உணரும் லோட்செல்லுக்கு ஊட்டும் மின்னழுத்தமே ஏடிசிக்கும் ஒப்பாகிறது. அது ஏறினால் இரண்டும் சேர்ந்து ஏறும், விகிதம் மாறாது. ஆனால் எல்எம்35 போல, ஊட்டத்தைச் சாராமல் தானே வோல்ட்டைத் தரும் உணரிக்கு இந்த வழி இல்லை. ஆகவே கருவி வடிவமைப்பவர் முதலில் விகிதமாக அளக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாதென்றால் நகராத ஒப்புக்குச் செலவிட வேண்டும். எத்தனை பிட் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.